கடிதத்துக்கு ஒரு சீல்

"எம்மகளைக் கெடுத்தது நீருதான்யா!"

பால்ச்சாமி போட்ட சத்தத்தில் கல்லூரி அலுவலகத்தில் கீபோர்டு சத்தம் நின்றது. தேவதானத்தில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறி, வெயிலோடு வந்து இறங்கியவர். வேர்வை இன்னும் காயவில்லை.

எதிரே இயற்பியல் ஆசிரியர் வைகுண்டராஜ் தலைகுனிந்து நின்றார். பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் என்றால் முதலாண்டுக்கு மட்டும் பாடம் எடுக்கிறவர். பியூன்கூட அவருக்கு எழுந்து நிற்பதில்லை.

"அப்பா, சார் ஒண்ணும் பண்ணல. நானாத்தான்..." என்றாள் மாரீஸ்வரி.

"ஏட்டி, நீ பேசாத!" பால்ச்சாமி அங்கிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கய்யா. பி.இ. முடிச்சுட்டா. கேம்பஸ்லயே வேலை கிடைச்சாச்சு. ஊரு பூரா மிட்டாய் குடுத்துட்டேன். இப்ப வேலைக்குப் போமாட்டாளாம், எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கப் போறாளாம். மாடி ஏறினவ இறங்கி வந்து ஏணியத் தேடுதா!"

யாரோ சிரித்தார்கள்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து, 'பி.இ. சேத்துவிடுங்க, பொறவு பிள்ளையப் பத்திக் கவலையே வேண்டாம்'னு சொன்னது இதே வாய்தானே? அப்படிச் சொன்ன ஆளு எதுக்குய்யா சனிக்கிழமை சனிக்கிழமை லேபைத் தொறந்துவிட்டு இவ மனசைக் கலைச்சீரு?"



லேபைத் திறந்துவிட்டது உண்மைதான். முதலாண்டில் நியூட்டன் வளையச் சோதனை. எல்லோரும் போன வருட நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "சுத்தி வளையம் வளையமா வெளிச்சம். நடுவுல மட்டும் ஏன் சார் இருட்டு?" அன்றிலிருந்து சனிக்கிழமை லேப் சாவி அவளிடம்தான்.

இப்போது எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். திங்கட்கிழமை சென்னையில் நேர்முகம். பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தைக் கல்லூரி சீலோடு கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். இன்று வெள்ளி. மணி நாலு.

"நீரு கையெழுத்துப் போடக்கூடாது" என்றார் பால்ச்சாமி.

வைகுண்டராஜ் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், இரண்டு பக்கம். பால்ச்சாமியின் கண்ணெதிரே மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"டீன் சொன்னாத்தான் சார் சீல் குத்துவேன்" என்றார் கிளார்க்.

வைகுண்டராஜ் உள்ளே போனதும் டீன் சுந்தரபாண்டியனின் அறைக்குள்ளிருந்து குரல் வெளியே கேட்டது.

"எல்லாருக்கும் வேலை வாங்கிக் குடுத்தோம்னு ஊர் ஊரா ஃபிளெக்ஸ் வச்சிருக்கோம். நீங்க அதுல ஒண்ணைக் கழட்டி விடுறீங்க. சம்பளம் வாங்குறது இங்கே, ஆள் பிடிக்கிறது வேற இடத்துக்கா?"

"இந்தப் பிள்ளைய மட்டும் விட்டுருங்க சார்."

"விட்டா எனக்கு என்ன?"

கதவு சாத்திக்கொண்டது.

பத்து நிமிடம் கழித்து வைகுண்டராஜ் வெளியே வந்தார். கையில் கடிதம். அதில் ஈரம் காயாத ஊதா சீல்.

"வேலைய விட்டுட்டீரா?" பால்ச்சாமியின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லய்யா."

"பின்ன எதைக் குடுத்து வாங்கினீரு?"

வைகுண்டராஜ் கடிதத்தை மாரீஸ்வரியிடம் நீட்டினார். "நல்லாப் படிம்மா."

பால்ச்சாமி மகளைப் பார்த்தார். "போ. ஆனா ஒனக்கும் எனக்கும் இனிப் பேச்சில்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் தனியாக நடந்தார்.

மாரீஸ்வரி அழுதபடியே வாத்தியாரின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் நெருப்பை மிதித்தவர்போலப் பின்வாங்கினார்.

"என் காலைத் தொடாதம்மா."

"மனுசன்யா!" என்றார் கிளார்க். வைகுண்டராஜ் வாசலைத் தாண்டும்போது பியூன் எழுந்து நின்றான்.

மறுநாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூர்.

செருப்புக்கடை நவாஸின் வீட்டு வாசலில் வைகுண்டராஜ் நின்றார். சீலுக்கு டீன் கேட்டது இரண்டு அட்மிஷன். ஒருத்தி போனால் இரண்டு பேர் வர வேண்டும். முதல் ஆள் முந்தின தெருவில் அகப்பட்டுவிட்டான். இது இரண்டாவது வீடு.

"எங்க சப்ரீன் பிசிக்ஸ்ல தொண்ணூத்தெட்டு சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் நவாஸின் மனைவி மெகராஜ் பேகம். "காலேஜ்லயும் அதுதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க என்ன பாடம் சார் நடத்துறீக?"

"பிசிக்ஸ்."

கதவுக்குப் பின்னால் நின்ற சப்ரீன் சட்டென்று முன்னால் வந்தாள். "நெசமாவா சார்?"

வைகுண்டராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து கல்லூரி நோட்டீஸை எடுத்து விரித்து, அதிலிருந்த ஒரு போட்டோமேல் விரலை வைத்தார்.

"பிசிக்ஸ்ல சோறு கிடையாதும்மா. அதைப் படிச்ச நானே சொல்றேன். இந்தப் பொண்ணைப் பாருங்க, தேவதானத்து மாரீஸ்வரி. நாலு வருசத்துக்கு முன்னால இவளும் பிசிக்ஸ்தான் படிப்பேன்னு அழுதா. நான்தான் வீட்டுக்கே போய்ப் பேசி மனசை மாத்தினேன். இப்ப கம்பெனி வேலையில எம்புட்டு நல்லா இருக்கா!"