சங்கீத வகுப்பு இடாப்பு

முப்பத்தெட்டுப் பேர் படிக்கும் வகுப்பில், சுருதி சேர ஒரு வரி பாடக்கூடியவர்கள் வெறும் பதினெட்டுப் பேர். அருந்ததி ரீச்சருக்குப் பொறுமை போய்க் கன நாளாயிற்று.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தக் கலைமன்றம். கீழே மண்டபம், மேலே இரண்டு அறை. புத்தக வெளியீடு, நாடக ஒத்திகை, நடன வகுப்பு என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை பின்னேரம் அருந்ததியின் வாய்ப்பாட்டு வகுப்பு. தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம் வரைக்கும் அது ஒழுங்கான வகுப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் செயலாளர் நாகேந்திரம் கிழமைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கூட்டிக்கொண்டு வந்து இருத்தத் தொடங்கினார். எல்லாரும் மீசை வைத்த ஆம்பிளைகள். 'ஸ' பிடிக்கச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். தாளம் போடச் சொன்னால் தொடையில் நுளம்பு அடிப்பார்கள்.

அவர்களில் சிவமணி ஒரு தனி ரகம். வடக்கே கிளிநொச்சியில் இருந்து வந்தவன், முப்பது வயது. அவன் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு வந்த சுருதியும் எழும்பி ஓடிவிடும். ஆனாலும் முன்வரிசையில் இருந்து எல்லாரையும் விட உரத்துப் பாடுவான்.

சின்னப் பிள்ளைகளின் தாய்மார் முறைப்பாடு சொல்ல, அருந்ததி செயலாளரிடம் போனாள். பாட்டு வராதவர்களைக் கொண்டுவந்து கழுத்தறுக்கிறீர்களே என்று கேட்டாள்.

"மன்றம் எண்டால் நாலு பேர் வந்து போகத்தானே வேணும், ரீச்சர்" என்று சிரித்துவிட்டு, அவர் பத்திரிகைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

அருந்ததிக்கு விளங்கிவிட்டது. ஆண்டறிக்கையில் நாற்பது மாணவர் என்று போட்டு, மேடையில் மாலை வாங்கத்தான் மனிசன் இந்தப் பாடுபடுகிறது.

கலைவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நாகேந்திரம் கண்டிக்குப் போயிருந்த சனிக்கிழமையாகப் பார்த்து, மாணவர் பெயர்ப் பதிவான இடாப்பை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடச் சொன்னாள். தவறியவர்களின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினாள். இருபது பெயர் போயிற்று.

சிவமணி ஒரு கீதத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை பிழையாகப் பாடி முடித்து, "சரியோ ரீச்சர்?" என்று கேட்டான். அவள் அவன் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்தாள்.

அவன் போகாமல் நின்றான். "அடுத்த கிழமையும் வந்து ஒரு மூலையிலை இருக்கட்டே? வாய் திறக்க மாட்டன்."

"இது பஸ் ஸ்டாண்ட் இல்லை, தம்பி."

செயலாளர் திரும்பி வந்ததும் இருபது பேரையும் மறுபடி சேர்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்குப் போனவுடன் முதல் வேலையாக ராஜினாமாக் கடிதத்தை எழுதினாள். ஞாயிறு காலை அதை எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தாள்.

மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த சீனியம்மா நிமிர்ந்தாள். ஐயா விடியப்புறம்தான் கண்டியிலிருந்து வந்தாராம், வந்த கையோடு பொலிசுக்குப் போய்விட்டாராம். இரவு பொலிஸ்காரர்கள் லொட்ஜ்களைச் சுற்றி வளைத்து, சண்டை நடக்கிற வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்களாம்.

"அவங்க அள்ளுறதும், ஐயா இடாப்பத் தூக்கிட்டு ஓடுறதும் மாசத்துல ரெண்டு தடவ நடக்குதும்மா" என்றாள் சீனியம்மா. "கொழும்புல எதுக்கு நிக்கிறேன்னு கேப்பாங்கல்ல. பாட்டுப் படிக்க வந்த பயன்னு ஐயா பேரக் காட்டுவாரு. பேரு இருந்தா விட்டுருவாங்க."

அருந்ததி கடிதத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினாள். பிரதான சாலையான காலி வீதியில் அவள் அவ்வளவு வேகமாக நடந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொலிஸ் நிலையத்தில் நீளமான மர வாங்கு ஒன்றில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் அவளுடைய வகுப்பு. சிவமணி ஒரு கரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். சார்ஜன்ட் இடாப்பைத் திறந்து வைத்திருந்தார். எதிரே நாகேந்திரம் நெற்றியைத் துடைத்தபடி நின்றார். சிவப்புக் கோடுகளை அவரும் அப்போதுதான் காண்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்த ஏழு பெயரும் வெட்டிக் கிடக்கே. விலக்கின ஆட்களா?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

அருந்ததி முன்னால் போனாள். தெரிந்த சிங்களத்தைத் திரட்டி, தான்தான் சங்கீத ஆசிரியை என்றாள்.

"அப்படியென்றால் இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான் போட்டனான். பிழையா வெட்டிப்போட்டன், சேர். இவையள் எல்லாரும் என்ரை பிள்ளையள்."

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார், இடாப்பைப் பார்த்தார். பிறகு பேனையை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஏழு பெயரையும் திரும்ப எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து வைத்தாள்.

பத்து மணிக்கெல்லாம் ஏழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

வீதிக்கு வந்ததும் நாகேந்திரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தெரிஞ்சால் நீங்களும் பொய் சொல்ல வேண்டி வரும் எண்டுதான், ரீச்சர், இவ்வளவு நாளும் மறைச்சனான். கடைசியிலை என்னாலை நீங்களும் பொலிசிலை பொய் சொல்ல வேண்டி வந்திட்டுது."

"பொய்யோ?" என்றாள் அருந்ததி. "நான் அங்கை ஒரு பொய்யும் சொல்லேல்லையே."