யாழிசையின் கையெழுத்து

யாழிசைக்கு அன்று பதினெட்டு முடிந்தது. பார்ப்பவர்களுக்கு எட்டுதான். தொலைக்காட்சித் தொடரின் சுட்டிப்பெண் வளர்ந்துவிடக் கூடாதென்று, செல்பிரிதலை நிறுத்தும் ஊசியைப் பத்து வருடமாக அம்மா அவளுக்குப் போடவைத்துவந்தாள்.

கிளினிக் திரையில் அவளுடைய செல் ஒன்று தெரிந்தது. குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றன, பிரியவில்லை.

"அருமையா நிக்குது," என்றார் டாக்டர், தான் பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

"இது மெட்டாபேஸ். அடுத்தது அனாபேஸ், ரெண்டாப் பிரியணும்," என்றாள் யாழிசை. "பிளஸ் ஒன்ல படிச்சேன். உங்களுக்கு மறந்துபோச்சா டாக்டர்?"

அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "வாயப் பாரு. சீரியல் முடிய இன்னும் ரெண்டே வருஷம்டி."

நர்ஸ் அம்மாவிடம் அடுத்த ஊசிக்கான சம்மதப் படிவத்தை நீட்டினாள். பிறந்த தேதியைப் பார்த்ததும் தயங்கினாள். "மேடம், இனிமே பாப்பாதான் கையெழுத்துப் போடணும்."

யாழிசை நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். மேசை விளிம்பைப் பிடித்து எம்பி, 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"அப்ப சீரியல்?" என்றாள் அம்மா.

"ஊசிய நீ போட்டுக்கோம்மா. என்னைவிட நல்லாவே நடிப்ப."

ஊசியை நிறுத்திய நான்காம் மாதம், பத்து வருடத்தில் முதல்முறையாக, செருப்பு சிறிதாகி அவள் காலைக் கடித்தது. அம்மா கூடத்தில் அடுக்கியிருந்த விருதுகளின் நடுவே யாழிசை அதைக் கழற்றி வைத்தாள்.