பெரியக்காவின் பசி

“பெரியக்கா கடிச்சுப் போட்டாங்க மேடம்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

எந்தப் பெரியக்கா என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டார். கூட வேலை செய்கிறவரா, உறவா, முன்பே ஏதும் தகராறு உண்டா?

சொன்னவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு.

பெரியக்கா ஒரு மெஷின்.

கூடத்தில் ஒன்பது பிரஸ் மெஷின்கள். மோட்டார் பம்புக்கான தகடுகளை வெட்டுபவை. தகட்டை உள்ளே வைக்க வேண்டும். கையை எடுக்க வேண்டும். பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும்.

ஒன்பதிலும் பெரியது, பழையது அது. பெயர் பெண்கள் வைத்தது.

ஓடாத நாளில் பெரியக்காவுக்குக் கோபம் என்பார்கள். எண்ணெய் விட்டால் குளிப்பாட்டியாயிற்று என்பார்கள். ஆயுதபூஜைக்கு மற்ற மெஷின்களுக்கு ஒரு முழம் பூ, பெரியக்காவுக்கு இரண்டு.

நாளெல்லாம் ஓர் இரும்பின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எதிரே யாராவது இருக்க வேண்டும்.

பதினோரு வருடம் அவள் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்ததை முதலில் சொன்னதே பெரியக்காவிடம்தான்.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மேற்பார்வையாளர் திருமூர்த்தி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்தார். நல்ல மனிதர். முதல் முறை அழுதுவிட்டார். அந்த மெஷின் ரொம்ப நாளாகப் பசியோடு இருந்திருக்கிறது என்றார்.

கூடத்திலும் அதையேதான் சொன்னார்கள். எலுமிச்சை நசுக்கினார்கள். பூசணி உடைத்தார்கள். காவு வாங்கியாயிற்று, இனி அடங்கிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வலி தாங்காதபோது யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. பெரியக்காவைத் திட்டினாள். இத்தனை வருடம் கூட இருந்தும் இப்படிச் செய்துவிட்டாயே என்று கேட்டாள். கேட்கக் கேட்க வலி கொஞ்சம் விலகி நின்றது.

நாலாவது வாரம் மன்னித்தும் விட்டாள்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே காத்திருந்த திருமூர்த்தி அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

பெரியக்காவின் முன்னால் நாகமணி உட்கார்ந்திருந்தாள். முன்பு பக்கத்து மெஷினில் இருந்தவள். அன்றைக்குத் துண்டான விரல்களைப் பொறுக்கி, தன் சேலைத் தலைப்பில் முடிந்து, ஆஸ்பத்திரி வரை பிடித்துக்கொண்டு வந்தவள்.

அவர்கள் வந்ததை நாகமணி கவனிக்கவில்லை.

மெஷினின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்தது. சத்தத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ஒண்ணும் பண்ணிராதீங்க அக்கா.

பிறகு தகட்டோடு கையை உள்ளே விட்டாள்.

அச்சு இறங்கியது.

கை வெளியே வந்திருந்தது.

அடுத்த தகடு. மறுபடியும் உதடு அசைந்தது.

மெஷினை நிறுத்தச் சொன்னார் ஆய்வாளர். அதன் முன்பக்கம் திறந்து கிடந்தது. ஓரங்களில் நான்கு ஓட்டைகள். ஒன்றிலும் போல்ட் இல்லை. ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு தடுப்பு இருந்திருக்க வேண்டுமே என்றார்.

பழைய மெஷின், வாங்கும்போதே அப்படித்தான் வந்தது என்றார் திருமூர்த்தி. கொஞ்சம் முன்கோபம் உண்டு, எங்கள் பெண்களுக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னார்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். மிரட்டவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

அவள் தலையை ஆட்டினால் போதும்.

அவள் நாகமணியைப் பார்த்தாள். நாகமணி துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். பத்து விரல்.

“அது இரும்புங்க மேடம்,” என்றாள் அவள். “அதுக்கு என்ன தெரியும், கோவமும் பசியும்.”

கூடத்தில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

தடுப்பு இருந்தது என்றாள். கம்பி வலை. ஒவ்வொரு தகட்டுக்கும் அது ஏறி இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அன்றன்றைய எண்ணிக்கை ஐந்து மணிக்குள் முடியவில்லை. பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான். அதனால் சித்திரையில் அதைக் கழற்றிவிட்டார்கள்.

கழற்றியது யார் என்று கேட்டார் ஆய்வாளர்.

“திருமூர்த்தி அண்ணந்தானுங்க.”

திருமூர்த்தி தரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். பெயரை எழுதி, அடியில் கோடு போடப் போனார்.

“கோடு போட்டுறாதீங்க மேடம்,” என்றாள். “இன்னொரு பேரும் இருக்குது. ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது நானு.”