கை தூக்கியவர்கள்

குவாத்தமாலா மலைக்கிராமத்தில் தொண்டு மருத்துவம் பார்க்க வந்திருந்த அமெரிக்க மாணவன் டிராவிஸ், ஊருக்குக் கிளம்பினான். வழியனுப்பப் பள்ளிக்கூட முற்றத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள்.

“எல்விரா, என் வைத்தியத்தால பலன் அடைஞ்சவங்க கையைத் தூக்கணும்னு உங்க பாஷையில சொல்லு. வீடியோ எடுத்து எங்க காலேஜ்ல போடப்போறேன்.”

மொழிபெயர்ப்பாளர் எல்விரா, தங்கள் மாயன் மொழியில் ஜனங்களிடம் பேசினாள். மடமடவென்று கைகள் உயர்ந்தன. அவளும் தூக்கினாள்.

“அட, நீயுமா? உனக்கு நான் வைத்தியமே பாக்கலையே!”

“என் தங்கச்சிக்குப் பாத்தீங்களே டாக்டர்.”

முன்வரிசையில் நின்ற சோளக்காட்டுக்காரர் மார்செலோ தேம்பியபடி ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாரு?”

“சாகுற வரைக்கும் உங்களை மறக்க மாட்டாராம்.”

டிராவிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு பாசம்!”

“காலேஜ்ல அவசியம் போட்டுக் காட்டுங்க டாக்டர்.”

அடுத்த மாதம் கல்லூரி அரங்கில் அந்த வீடியோ ஓடி முடிந்ததும் பேராசிரியர்கள் கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் எழுந்தாள். எல்விராவின் பெரியம்மா மகள் இக்னாசியா அவள்; அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்ப்பவள். எல்விராதான் ஃபோன் செய்து போகச் சொல்லியிருந்தாள்.

“எல்விரா என்ன கேட்டாள்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. நான் சொல்றேன்,” என்றாள் இக்னாசியா.

“ ‘படிப்பு முடிக்காமலே கத்தியை எடுத்தவன் இவன். இவன் அறுத்து உடம்பு கெட்டவங்க, வீட்டுல சாவு விழுந்தவங்க, எல்லாரும் கையைத் தூக்குங்க. சாட்சியை இவனே படம் புடிச்சுக்கிட்டுப் போவான்.’ ”