தொண்ணூறு மில்லி

“வரல அக்கா,” என்றாள் மூன்றாவது முறையாக.

பளுதூக்குதலில் வெண்கலம் வாங்கிய பெண். நாடு நாடாக வந்து இறங்கியிருக்கும் இந்த விளையாட்டு விழாவில் அவளுடைய அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம். இன்னும் கழுத்தில்தான் கிடந்தது.

என் வேலை ரொம்ப எளிது. ஊக்கமருந்து சோதனைக்கு அவள் தொண்ணூறு மில்லி சிறுநீர் தரும்வரை அவளைவிட்டு என் கண் நகரக் கூடாது. தராமல் எழுந்து போனால் பதக்கம் போய்விடும்.

வாசலில் அணியின் மேனேஜர் கால் மாற்றி கால் மாற்றி நின்றார்.

“ஆறு மணிக்கு பிளைட்டு மேடம். போட்டி முடிச்சவங்களை அன்னைக்கே ஊருக்கு அனுப்பிடணும், அதான் எங்க ரூல். கொஞ்சம் சீக்கிரம் தரச் சொல்லுங்க.”

நான் என்ன, குழாயா திறந்துவிட?

அப்போது மணி மூன்று. அவர் வற்புறுத்தி வற்புறுத்தி நாலு பாட்டில் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்.

விழாவுக்காகத்தான் நான் தன்னார்வலர். மற்ற நாளில் எல்கேஜி டீச்சர், பதினாறு வருஷமாக. வராத பிள்ளை எப்படி உட்காரும், வந்தும் அடக்குகிற பிள்ளை எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியாதா?

இவள் முழங்கால் இரண்டையும் ஒட்டி, கால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

அடக்குகிறாள்!

ஏன்? எனக்கு மண்டை குடைந்தது. மருந்து கிருந்து விழுங்கியிருப்பாளோ? நேரம் போனால் உடம்பிலிருந்து போய்விடும் என்று எந்தப் பாவியாவது சொல்லிக்கொடுத்திருப்பானோ? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனாலும், கடவுளே, இந்தப் பெண் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று இருந்தது.

“ஏம்மா, ஏதாவது பயமா?”

“இருக்குக்கா,” என்றாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலரைக்கு மேனேஜர் மறுபடி தலையை நீட்டினார். ஐந்து மணி தாண்டியதும் அவர் போனில் யாரிடமோ கத்துவது கேட்டது. பிறகு உள்ளே வந்து தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போச்சு. கவுன்டரை மூடிட்டாங்க. இனி நாளான்னிக்குதான் பிளைட்டு.”

அவர் சொல்லி முடித்ததுதான் தாமதம். “அக்கா, வருது!” என்று அவள் எழுந்து ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தொண்ணூறு என்ன, கோப்பையே நிரம்பிவிட்டது.

எல்லாம் சீல் வைத்துக் கையெழுத்து போட்டு வெளியே வந்தோம். அவள் என் காதருகே குனிந்தாள்.

“நாளைக்கு என் தங்கச்சி தூக்குறாக்கா. பக்கத்துல நின்னு நான் நாலு திட்டு திட்டலைன்னா அவளுக்குக் கையே எழாது.”