இரட்டைக் குழாய்

பழைய சைலன்சர் கழன்று தரையில் விழுந்தது.

அவன் அதை எடுத்துத் துடைத்து வண்டியின் பின்னால் போட்டான். பதினோரு வருடம் கூடவே வந்த சாமான். காயலான் கடைக்குக் கொடுக்க மனது வரவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் சுருளிவேல் இரண்டு புதுக் குழாய்களையும் வெல்டு வைத்து முடித்துவிட்டு வெளியே வந்தான். வாழைத்தார் ஏற்றுகிற பிக்கப்புக்கு இரட்டைக் குழாய். சின்னமனூரில் காலேஜ் பையன்கள்தான் இந்த வேலையைக் கேட்டு வருவார்கள்.

“இந்த வயசுல யாருக்குண்ணே காட்டப்போறீங்க?”

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகி ஆக்சிலேட்டரை மிதித்தான். பட்டறைத் தகரம் அதிர்ந்தது. சுருளிவேல் சிரித்துக்கொண்டே காதைப் பொத்தினான்.

ஒருத்தி காதில் விழ வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

வண்டி வாங்கிய நாளிலிருந்து அவன் தன் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்ததே இல்லை. மேற்கே பிள்ளையார் கோயில் முக்கில் வண்டி திரும்பும்போதே பவுன்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டைத் திறந்துவிடுவாள். தெருவில் ஏழெட்டு பிக்கப் ஓடுகிறது. புருஷன் வண்டியை மட்டும் அவளுக்குத் தனியாகத் தெரியும். கியர் மாற்றும்போது அது லேசாக இருமும் என்பாள்.

அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமை.

மாசியிலிருந்து கேட் திறக்கவில்லை.

முதல் நாள் ஏன் என்று கேட்டதற்கு, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது என்றாள். அவன் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தான். கிரைண்டர் கல் காய்ந்து கிடந்தது.

மண்டியில் தரகரோடு மல்லுக்கு நிற்கிறவன். அந்தக் காய்ந்த கல்லைப் பார்த்துப் பயந்துபோனான்.

தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம் என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுவான். அவளுக்கு நாற்பத்தாறு வயதில் காது போகுமா என்ன? தீபாவளிக்கு இன்ஜின் வேலை பார்த்ததிலிருந்து வண்டிச் சத்தம் குறைந்துவிட்டது, அதுதான் அவளுக்கு எட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பழியைப் போட மனுஷனுக்கு ஓர் இடம் வேண்டும். இவனுக்கு வண்டி கிடைத்தது.

நேற்று பசியோடு வந்தவன், கேட்டைத் தானே திறந்து, உள்ளே போய், அவள் முகத்துக்கு நேரே கத்திவிட்டான்.

“ஒரு கேட்டத் தொறக்க இந்த வீட்டுல நாதியில்ல!”

சோறு போட்ட அவள் கை பாதியைத் தட்டுக்கு வெளியே சிந்தியது.

இன்று மண்டியில் தார் இறக்கும்போதும் அந்தக் கைதான் அவன் கண்ணில் நின்றது. இறக்கியதும் நேரே பட்டறைக்கு வந்துவிட்டான்.

பட்டறை ஊருக்குக் கிழக்கே, பைபாஸில். அங்கிருந்து வந்தால் தெருவின் கீழ்க்கோடியில் நுழையலாம். அந்தப் பக்கமாக அவன் வீட்டுக்கு வந்ததே இல்லை.

இன்று அப்படி நுழைந்தான். மிதித்தான்.

தெருவே வாசலுக்கு வந்தது. குழாயடியில் நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். மொட்டைமாடிக் காக்கைகள் எழும்பின. ஒருத்தி இடுப்பில் அழுகிற பிள்ளையோடு ஓடிவந்து ஏதோ திட்டினாள்.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாருக்கும் எட்டுகிறது.

பிறகுதான் பவுன்தாயைப் பார்த்தான்.

கேட் அகலத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. அதனடியில், முறத்தில் பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை. மதியத்திலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது எழுந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதுகு அவன் பக்கம். கண் கோயில் முக்கில்.

நாலு வீடு தள்ளி நிறுத்தி, அவன் மறுபடியும் மிதித்தான்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மேற்கேயே பார்த்தாள்.

மிதித்தான்.

ஒரு காலில் நின்று அலுத்து, இன்னொரு காலுக்கு மாறினாள். மேற்கேயே பார்த்தாள்.

அவன் காலை எடுத்துவிட்டான். இறங்கிப் போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். தொட்டால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவாள். தெருவின் கண்ணெல்லாம் இப்போது அவன் மேல் இருந்தது. அவன் இறங்கினால் அது அவள் மேல் போகும். இத்தனை நாள் அவள் மூடி வைத்தது அத்தனை பேர் முன்னால் உடைந்துவிடும்.

ரிவர்ஸ் எடுத்தான்.

கீழ்க்கோடி வரை பின்னாலேயே போய், சந்தைத் தெரு வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையார் கோயில் முக்கில் வந்து திரும்பினான். மெதுவாக.

வண்டியைக் கண்டதும் பவுன்தாயின் முகம் மலர்ந்தது. திறந்து கிடந்த கேட்டை அவசரமாகச் சாத்தினாள். அவன் கிட்டே வந்ததும், அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தவளாக அதைத் திறந்துவிட்டாள்.

“கோயில் முக்குல இருமுச்சுல்ல, அப்பவே கேட்டுருச்சு” என்றாள்.

இரண்டு குழாயும் அவள் காலடியில் உறுமிக்கொண்டிருந்தன.

அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். அவளுக்கு எதிரே வந்து நின்றான். அவள் பார்வை தன் உதட்டுக்கு வரும்வரை காத்திருந்தான்.

“நல்ல காது புள்ள உனக்கு” என்றான், ஒவ்வொரு சொல்லாக.