மேலே ஐந்து, கீழே ஒன்று

"இதுக்குப் பேரு ஃபிராடு," என்றாள் கோரியின் மனைவி ஷெல்லி.

கோரி காரேஜ் தரையில் உட்கார்ந்து, ஐந்தாவது பெடலின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

காலால் மிதித்து கிட்டாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டிகள்; ஐந்தும் முப்பது வருஷப் பழசு. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் கூடுகளைப் பெடல்போர்டு என்கிற இரண்டு தட்டுப் பலகையின் மேல்தட்டில் வரிசையாகத் திருகினான். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர்களெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கின. அசல் ஆள் அங்கேதான் ஒளிந்திருந்தான். கிட்டாருக்கு வேண்டிய அத்தனை சத்தத்தையும் தானே தயாரிக்கும் டிஜிட்டல் புராசஸர். மேலே மிதித்தால் கீழே வேலை நடக்கும். நாலு பக்கமும் பிளைவுட் அடித்து, கறுப்பு பெயிண்டும் பூசியாயிற்று.

"என்கிட்ட இதுதான் இருக்குன்னு அந்த மனுஷன்கிட்ட நேராச் சொல்லிடேன்."

"மெர்வ்கிட்டயா? மக்கை ஊர்ல மேடையில என்ன பண்ணார்னு மறந்துட்டியா?"

யார் மறப்பார்கள்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து முழுக்கப் பேசிய கதை அது. கூட வாசித்தவன் காலடியில் டிஜிட்டல் பெட்டியைப் பார்த்துவிட்டு, பாட்டு நடக்கும்போதே பழம்பெரும் கிட்டார்காரர் மெர்வ் டேசி போய் கரண்ட் ஒயரைப் பிடுங்கினார். "கம்ப்யூட்டரை மிதிக்கிறவன் என் மேடையில ஏறக்கூடாது" என்று மைக்கிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அதே மெர்வ்தான், கரையோர ஊர்களில் இரண்டு மாதம் வாசிக்க இரண்டாவது கிட்டார்காரனைத் தேடுகிறார். ஞாயிறு மதியம் பப் தோட்டத்தில், கூட்டத்துக்கு முன்னாலேயே கோரிக்குச் சோதனை. பதினைந்து வயதிலிருந்து, அவர் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு இருப்பவன் அவன்.

"மாட்டிக்கிட்டா?"

"கிட்டாரை வித்துட்டு, ஊருக்கு ஏசி மாட்டுறதோட நிறுத்திக்கறேன்."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

ஞாயிறு மதியம். டவுன்ஸ்வில்லின் பிப்ரவரிக் கோடை வெயில் மேடையில் பாதியைப் பிடித்திருந்தது. மெர்வ் நேராக கோரியின் பெடல்போர்டு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் பழைய ஆளுங்க. பரவாயில்லையே."

"ஆமா, மெர்வ்."

"இவ்ளோ உசரமா எதுக்குக் கட்டியிருக்க?"

கோரி முட்டியைத் தடவிக்கொண்டான். "முட்டி வலி. குனிஞ்சு திருக முடியல."

"என்ன வயசு உனக்கு?"

"முப்பத்திநாலு."

மெர்வ் அவன் முட்டியைப் பார்த்தார். தன் இடத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கோரிக்கு.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவது பாட்டில் கோரி தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. நடு பெடலை மிதித்தான்.

சத்தம் நின்றுபோனது.

மறுபடி மிதித்தான். ஒன்றுமில்லை. திருகிய கூடுகளின் இடுக்கு வழியாகக் கீழே ஒரு நீல வெளிச்சம் அணைந்து, மறுபடி எரிந்தது. பெட்டி சூடு தாங்காமல் நின்று, முதலிலிருந்து கிளம்புகிறது. ஊர் முழுக்க ஏசி மாட்டுகிறவனுக்கு, அந்தப் பெட்டிக்கும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கிளம்பி முடிக்க நாற்பத்திரண்டு செகண்ட். வீட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறான். பழைய பெடல் எதுவும் இப்படி உட்கார்ந்து யோசிக்காது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறக்கவும் வழியில்லாமல் நின்றான்.

மெர்வ் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார். குனிந்தார். கோரியின் பார்வை கரண்ட் ஒயர் மேலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பிளைவுட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மைக்குக்குப் போனார்.

"இந்தக் காலத்துப் பசங்க காலடியில என்ன வச்சிருக்காங்க தெரியுமா? கம்ப்யூட்டர்."

தோட்டத்தில் விசில் பறந்தது. மெர்வின் இந்த வசவைக் கேட்கவே வருகிற கூட்டம் உண்டு.

கோரி கிட்டாரைக் கழற்றத் தயாரானான். அடுத்த வரியில் தன் பெயர் வரும்.

"மிதிச்சா முதல்ல அது யோசிக்குதாம். கிட்டார் எதுக்குய்யா யோசிக்கணும்? வாசிக்கிறவனே யோசிக்கிறதில்ல. நேத்து ஒருத்தன் சொல்றான், அவன் பெடலுக்கு அப்டேட் வந்திருக்காம். அறுபத்தெட்டு வயசாச்சு, எனக்கே இன்னும் வரல."

பெயர் வரவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று. அதற்குப் பின் இன்னொன்று.

"போன மாசம் என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "சரி, பேச்சு போதும். ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

பயத்தில் கோரியின் விரல் தானாகக் கம்பியில் விழுந்தது. சத்தம் வந்தது.

எல்லாம் முடிந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவனுக்கு முதுகு ஈரமாகவே இருந்தது. இதற்கு மேல் மறைத்தால் தாங்காது.

"மெர்வ், என் போர்டுல..."

"சத்தமாப் பேசாத." மெர்வ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பக்கவாட்டுல நாலு ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன் வை. தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது."

"உங்களுக்குக் கோபம்..."

"வியாழக்கிழமை கெய்ர்ன்ஸ்ல வாசிக்கிறோம். காலைல ஆறு மணிக்கு வண்டி கிளம்பும்."

கோரிக்கு நம்ப முடியவில்லை. "ஆனா பேச்சை எப்போ நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மெர்வ் தன் பெடல்போர்டை மெதுவாகத் தூக்கி வேனுக்குள் வைத்தார்.

"என்னுதும் நாப்பத்திரண்டு செகண்ட்தான். இனிமே என்னுது நின்னுச்சுன்னா நீதான் மைக்கைப் பிடிச்சுத் திட்டணும். நாலு வசவு யோசிச்சு வச்சுக்கோ."